பெருமுக்கல் மலையின் நியாண்டர்தால்

என் பின்மண்டையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டவர் இதுவரை ஒருவர்தான். மற்றவர்கள் அனுமதி கேட்டதில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி எல்லா இடத்திலும் நேராகத் தட்டித்தான் இருக்கிறார்கள்.

மயிலத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மறுநாள் அது. என் மனைவி ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். வேண்டுதல் அவருடையது, முடி என்னுடையது. குடும்பத்தில் இந்த மாதிரி வேலைப் பிரிவினை சகஜம் என்பதால் நான் ஒன்றும் கேட்கவில்லை. மண்டையில் சந்தனம் பூசிக்கொண்டு விழுப்புரத்தில் காலை பாசஞ்சர் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்தார், சுற்றி வந்தார், எனக்குப் பின்பக்கம் நின்று பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்கலன்னா பின்னால கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுங்களா?"

"சந்தனம் ஒட்டுங்க."

"ஒட்டட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பழக்கடையில் தர்பூசணி வாங்குகிறவர் முகத்தில் இருக்கும் கவனம் அவர் முகத்தில் இருந்ததாகப் பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

"மொழமொழன்னு இருக்குது. உருட்டிட்டாங்க சார். குழந்தையில உங்கள நல்லா உருட்டிட்டாங்க" என்றார். குரலில் அப்படி ஓர் ஏமாற்றம். என் தலை யாருக்காவது ஏமாற்றம் தந்தது அது முதல் தடவை அல்ல, ஆனால் வெளிப்பக்கத்தால் தந்தது அதுதான் முதல் தடவை.

நியாண்டர்தால் என் வாழ்க்கைக்குள் வந்தது இப்படித்தான்.

அவர் திண்டிவனத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன், மிச்ச நேரத்தில் ஒரு வார இதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டில் எது சிரிப்பு என்பதில் வாசகர்களுக்கே சந்தேகம் உண்டு. இருவருக்கும் வீடு விழுப்புரத்தில். அதனால் தினமும் ஒரே ரயில், ஒரே பெட்டி, அந்த மொட்டைக்குப் பிறகு ஒரே பேச்சு.

ஒரு கருவிழிக்கும் இன்னொரு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பது அவர் தொழில். மூக்குத்தண்டு எவ்வளவு அகலம், புருவ எலும்பு ஃபிரேமில் இடிக்கிறதா, காது ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமா என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் நாளெல்லாம் பிறர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டில் ஒன்று நடக்கும். மனிதர்கள் சலித்துப்போவார்கள், இல்லையென்றால் ஒரு கொள்கை பிறக்கும். அவருக்குக் கொள்கை பிறந்துவிட்டது.

நமக்கு முன்பே ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இன்னொரு வகை மனிதர்கள் இருந்தார்கள். மேடான புருவம், முகவாய் இல்லாத தாடை, பின்பக்கம் நீண்ட மண்டை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனார்கள். போவதற்குள் நம்மோடு கொஞ்சம் கலந்தார்கள். அந்தத் துளி இன்றைக்கும் நம் ரத்தத்தில் இருக்கிறது. இவ்வளவும் புத்தகத்தில் உள்ளது. இதற்கு மேல் அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர்கள் அழியவில்லை என்பது அவர் கட்சி. இங்கே வந்தார்கள். செஞ்சிப் பக்கத்துப் பாறைகளிலும் பெருமுக்கல் மலையிலும் தங்கினார்கள். பிறகு நம் வீடுகளுக்குள் வந்துவிட்டார்கள். இன்றும் எப்போதாவது அந்தத் தலையோடு ஒரு குழந்தை பிறக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? குளிப்பாட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, காலை நீட்டி உட்கார வைத்து, குழந்தையை அதன்மேல் போட்டு, எண்ணெய் தடவித் தலையை உருட்டோ உருட்டென்று உருட்டி வட்டமாக்கிவிடுகிறோம்.

"மத்த நாட்டுல எல்லாம் பனியால அழிஞ்சான், பசியால அழிஞ்சான்னு சொல்றாங்க. நம்ம ஊருல அவன அழிச்சது வெளக்கெண்ண சார்."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். நான் சிரிப்பேன். ஒரு நகைச்சுவை எழுத்தாளனாக என்னைவிட நல்ல வரியை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் சும்மா கொட்டிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்காது. அதனாலேயே எதிர்க்கட்சி ஆனேன்.

எங்களுக்கு மூன்றாவதாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர் உண்டு. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனையோடு ஏறுவார். வாசனை அங்கேயே இறங்கிவிடும், அவர் திண்டிவனம் வரை வருவார். அவரைப் பொறுத்தவரை எல்லாமே கடலுக்குள் போன குமரிக் கண்டத்திலிருந்து வந்தது.

"நியாண்டர்தாலு யாரு? தமிழன். இதுல பேசறதுக்கு இன்னா இருக்குது?"

"முகவாயே இல்லாதவன் எப்படிங்க ழகரம் சொல்லுவான்?" என்பேன் நான்.

"முகவாய் இருக்கிற நீ சொல்றியா? போன வாரம் 'வாளப்பளம்'னு சொன்ன."

"ஜலதோஷங்க."

"அவனுக்கும் ஜலதோஷம்தான்யா. பனியில இருந்தான் இல்ல?"

பேரணி தாண்டும்வரை இப்படிப் போகும். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஆட்கள் வந்து நின்று கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு நியாண்டர்தால் எலும்புகூடக் கிடைத்ததில்லை என்று நான் சொல்வேன். "நீங்க தோண்டுனீங்களா?" என்பார் கண்ணாடிக்காரர். எனக்குச் சொந்தமாக ஒரு செடி வைக்கக்கூடக் குழி தோண்டத் தெரியாது என்பதால் பேச்சு அங்கே நின்றுவிடும்.

சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. ஐப்பசியில் ஒரு காலை, மழை இருட்டு. பெட்டியில் விளக்கு எரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அவங்களுக்குக் கண்ணுக்குழி பெருசு சார். நம்மள விட நல்லா இருட்டுல பார்த்திருப்பாங்க. நமக்கு இருட்டுன்னா ஏன் பயம்? இருட்டா பயமுறுத்துது? அதுக்குள்ள ஒருத்தன் நின்னு பாத்துக்கினு இருந்தான். அவன் போயிட்டான். அந்தப் பார்வை மட்டும் இன்னும் நம்ம முதுகுலயே இருக்குது."

அறிவியல்படி அதில் முக்கால்வாசி கட்டுக்கதை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு கொல்லைக் கதவைச் சாத்தப் போகும்போதெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தாழ் போடுகிறேன். "எத தேடுறீங்க?" என்று மனைவி கேட்பார். நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவனை என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

மனைவி இல்லாதவர். ஒரே மகளைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. தலைப்பிரசவத்துக்கு மகள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். பெட்டியில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் குனிந்து காதில் சொன்னார்.

"எங்க அண்ணன் தலை, சார்."

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பெருமுக்கல் மலை அடிவாரத்தில் அவர்களுக்கு நிலம். அண்ணனுக்குப் பிறந்தபோதே தலை பின்பக்கமாக நீண்டிருந்தது. எவ்வளவு உருட்டியும் உருளவில்லை. பேச்சு சரியாக வரவில்லை. கண் பிதுங்கிய மாதிரி இருக்கும். கத்துவான். ஊர்ப் பிள்ளைகள் அவனைக் கூப்பிட்ட பெயரை அவர் என்னிடம் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் மாட்டுக் கொட்டகையில் கட்டிவைப்பார்கள். அவிழ்த்துக்கொண்டு மலைக்கு ஓடிவிடுவான். அங்கே பாறைக் குடைவுக்குள் உட்கார்ந்து, கல்லில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். தேடிக்கொண்டு போகிற தம்பி இவர்தான். மீசை முளைக்குமுன்பே அண்ணன் செத்துப்போய்விட்டான். ஒரு போட்டோகூட இல்லை.

"கல்லுல அவனுக்கு ஏதோ கேக்கும் சார். கேட்டுக்கினே இருப்பான். நாங்க அவன லூசுன்னோம். ஆனா அவன் வேற ஆளு. வேற ஜாதி மனுஷன், அவ்ளோதான். அவன் ஆளுங்க பேசறது அவனுக்குக் கேட்டுது. இப்ப திரும்பி வந்துட்டான்."

"பேத்தின்னு சொன்னீங்களே."

"பொண்ணா வந்தா இன்னா சார்? போனவாட்டி ஆம்பளையா வந்து இன்னா கண்டான்?"

ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலம் நான் எதிர்த்து வாதாடியது ஒரு கொள்கையை என்றே நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு பையன் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

குழந்தையைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். குளிப்பாட்டுகிற அம்மாவிடம் தலையில் கைவைக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடத்தில் பாய்மேல் குழந்தை சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. பெரிய கண்கள். தலை பின்பக்கமாக ஒரு படகு போல நீண்டிருந்தது. பக்கவாட்டில் தலையைத் திருப்பி, சிமெண்ட் சுவரில் பதித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க சார், பாருங்க. கேக்குது" என்றார் அவர். முகமெல்லாம் வெளிச்சம். அந்தக் குழந்தை உண்மையிலேயே எதையோ கேட்பது போலத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல.

அவர் காபிக்குப் பால் வாங்க வெளியே போனார். அதற்காகவே காத்திருந்தவள் போல மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தடுப்பூசி போடப் போனப்ப டாக்டரம்மா தலையத் தடவிப் பார்த்தாங்க. மண்டை எலும்புங்களுக்கு நடுவுல இடைவெளி இருக்கணுமாம். இவளுக்கு உச்சியில முன்னாடியே ஒட்டிக்கிச்சாம். மூளை வளர எடம் இல்லாம தலை பின்னால போய்க்கினே இருக்குதாம். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போடாதீங்கன்னாங்க. விட்டா பார்வை போகலாம், மூளைக்கும் ஆகாதாம்."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அறுக்கக் கூடாதுங்கிறாரு. அவளுக்கு நோயே இல்லங்கிறாரு. மாமியாரக் கேட்டா, பொம்பளப் புள்ளதானே, முடி வளந்தா மறைஞ்சிடும்ங்கிறாங்க. வளைகுடாவுல அவருக்கு லீவு கெடைக்கல. போன்லயே அழுவுறாரு."

"நீயே கூட்டிக்கிட்டுப் போகலாமே?" என்றார் என் மனைவி.

"போலாம் அத்தை. கையெழுத்து நானே போடலாம். ஆனா அப்பாவ மீறிக் கூட்டினு போயி, உள்ள இவளுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா, அப்புறம் நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வர்றது?" அவள் குரல் இறங்கியது. "நீங்க சொல்லுங்க மாமா. தெனம் ரயில்ல அவரோட வாதாடுறவரு நீங்கதான். உங்க பேரச் சொல்லாம அவர் ராத்திரி சாப்பிட்டதே இல்ல. நாளைக்கு அந்த ஆள எப்படி மடக்குறேன் பாருன்னு சொல்லிக்கினேதான் சாப்பிடுவாரு."

பால் வந்தது. காபி குடித்தோம். குழந்தை சுவரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒன்றே ஒன்று சொன்னார். "இத்தன மாசமா வெட்டியா பேசிக்கினு இருந்தீங்க. இப்ப ஒருவாட்டி வேலையா பேசுங்க."

படித்தேன். அந்த வாரம் நான் படித்த அளவுக்குப் பரீட்சைக்குப் படித்திருந்தால் வேறெங்கோ இருந்திருப்பேன். மண்டை எலும்புகள் சேருகிற தையல்கள், நியாண்டர்தால் பின்மண்டைப் புடைப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம். நியாண்டர்தாலுக்கு மண்டை நீளம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. இந்தக் குழந்தைக்கு ஒடுங்கிப் போயிருக்கிறது. ஆக, இது அது இல்லை. மறுக்கவே முடியாத வாதம் என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை ரயில் ஏறினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மண்டிக்காரர் குமரிக் கண்டத்தை மறந்து, "ஏன்யா, ஒருவாட்டி போயித்தான் காட்டேன்யா. ஜல்தியா காட்டிட்டு வந்துடு. காட்டறதுல இன்னா போவுது?" என்றார்.

கண்ணாடிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் சேந்துதான் அவங்கள இல்லாம பண்ணீங்க. அடிச்சீங்க, கட்டிப் போட்டீங்க, உருட்டுனீங்க. தப்பிச்சி ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்குது. அதையும் அறுத்து உங்கள மாதிரி ஆக்கணும், அதானே?" என்னைப் பார்த்தார். "நோயின்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்க சார். அப்ப எங்க அண்ணன் யாரு? நோயாளியா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போக வேண்டியவன மாட்டோட கட்டி வெச்சோமா?"

நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மயிலம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். திண்டிவனத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. ரயில் நகர்ந்தபோது வெயிலில் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பஸ்ஸில் போகிறார் என்று மண்டிக்காரர் விசாரித்துச் சொன்னார். "பேஜாராப் போச்சிய்யா உன் வாதத்தால" என்று சேர்த்துச் சொன்னார். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். எதிர்க்கட்சி மட்டும் இருக்கிற சட்டசபை எவ்வளவு அலுப்பானது என்று அந்த நாட்களில் தெரிந்தது. அங்கே குழந்தைக்குக் காலம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மகள் போன் செய்வாள், ஒன்றும் கேட்க மாட்டாள். குழந்தை அழுகிற சத்தத்தை மட்டும் நான் கேட்டுவிட்டு வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"மலைக்கு வர்றீங்களா? எலும்பு எங்கன்னு கேட்டீங்க இல்ல. எலும்பு இல்ல. எடம் காட்டறேன். பாத்துட்டுப் பேசுங்க."

திண்டிவனத்தில் கடை வாசலில் அவர் காத்திருந்தார். என் ஸ்கூட்டரில் மரக்காணம் ரோட்டில் போனோம். முகத்தில் சவரம் இல்லை, கண்ணாடி துடைக்கப்படவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அழுக்குக் கண்ணாடியோடு இருப்பதைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

பெருமுக்கல் பெரிய மலை ஒன்றும் இல்லை. என் முழங்காலுக்கு அது தெரியவில்லை. பாதியில் உட்கார்ந்தேன், முக்காலில் உட்கார்ந்தேன், மிச்சத்தில் உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டாம். உச்சியில் கோயில். ஆள் இல்லை. உச்சி வெயிலில் பாறை எல்லாம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் பாதையை விட்டு விலகி ஒரு குடைவுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே இருட்டு இல்லை, ஒரு பழுப்பு நிழல். கல்லில் கோடுகள் கீறியிருந்தன. வட்டம் போல, ஏணி போல, ஆள் போல. எவனோ உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், அல்லது அதையே வேலையாக நினைத்துக் கீறியிருக்கிறான். நியாண்டர்தால் இல்லை, நம்மைப் போன்றவன்தான், அவர்கள் போய் வெகுகாலத்துக்குப் பிறகு வந்தவன். அது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அந்தக் குடைவில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இங்கதான் உக்காருவான்." சுவரோரம் ஒரு மேடு. "இப்படித் திரும்பிக்கினு, காத வெச்சிக்கினு. நான் வந்து கூப்புடுவேன், காதுலயே வாங்க மாட்டான். நானும் பக்கத்துல உக்காந்து காத வெப்பேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. அவனுக்கு மட்டும் கேக்குதேன்னு பொறாமையா இருக்கும்." அந்த மேட்டைக் கையால் தடவினார். "வெச்சிப் பாருங்க சார். உங்களுக்காவது கேக்குதான்னு பாருங்க."

வாதத்துக்காக வைக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, தலை வெயிலில் விண்விண்ணென்று தெறித்தது, எங்காவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது. அந்த மேட்டில் உட்கார்ந்து தலையைப் பாறையில் சாய்த்தேன். காது, கன்னம், நெற்றிப் பொட்டு எல்லாம் கல்லில் பதிந்தன.

"ஹா" என்றேன். "சில்லுனு இருக்குது."

இத்தனை மாத விவாதத்தில் யோசிக்காமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

"இன்னா?"

"கல்லு. சில்லுனு இருக்குதுங்க. தலைவலிக்கு நல்லா இருக்குது."

அவர் எனக்கு எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். தலையை மெல்லச் சாய்த்துக் கல்லில் வைத்தார். முதலில் காதை வைத்தார். பிறகு, யாரோ பிடித்துத் திருப்பியது போல, முகத்தைத் திருப்பி நெற்றியை வைத்தார்.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். வெளியே காற்று பாறைமேல் உரசிக்கொண்டு போவது கேட்டது.

"பொழுது ஏற ஏறத்தான் கத்துவான்" என்றார் கல்லைப் பார்த்தபடி. "வெயில் ஏறினா கயித்த அவுத்துக்கினு இங்க ஓடியாருவான்."

நான் கல்லிலிருந்து தலையை எடுத்தேன்.

"மழ நாள்ல வரமாட்டான். மழ நாள்ல வீட்டுலயே... தண்ணிக் குடத்தக் கட்டிக்கினு படுப்பான் சார். குடத்து மேல தலைய வெச்சிக்கினு. குடத்துக்குள்ளயும் அவனுக்கு ஏதோ கேக்குதுன்னு நான் நெனைச்சிக்கினு இருந்தேன். எங்கம்மா தண்ணி தீட்டாப் போச்சின்னு அவன இழுத்து வெளிய போடும். மறுபடியும் வந்து கட்டிக்குவான்."

தனக்கே சொல்லிக்கொள்வது போல, "வலிச்சிருக்குது" என்றார்.

அவ்வளவுதான். அழவில்லை. நெற்றியைக் கல்லிலிருந்து எடுத்தபோது அதில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. குடைவைவிட்டு வெளியே வரும்போது, ஒரு வீட்டைப் பூட்டுகிறவர் உள்ளே ஒருமுறை பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் இல்லை. யாரும் இல்லாததைப் பார்ப்பதற்கு ஏன் அவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று தெரியவில்லை.

அடிவாரத்தில் டீக்கடையில் நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா இன்னா பண்ணுது? சுவத்துலயா?... ஒரு துணிய நல்லா நனைச்சிப் புழிஞ்சி தலையில வையிமா. காஞ்சா திரும்ப நனை. சுவத்துக்கு இனிமே விடாத... ஆமா. நாளைக்குப் பாண்டிச்சேரி போலாம். நானும் வர்றேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டார். டீ ஆறிவிட்டது.

ஆபரேஷன் அன்று நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரி நடையில் இரும்பு நாற்காலிகள். மகள் ஒரு பக்கம், லீவு வாங்கி வந்துவிட்ட மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவே அவர். மாப்பிள்ளைக்கு நல்ல புருவ எலும்பு. வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே மயிலம் வரை ஓட்டியிருப்போம். கதவு மூடி வெகுநேரம் ஆன பிறகு அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"அவன் திரும்பி வந்தான்னு நெனைச்சேன். இப்ப இந்தத் தலையையும் சரி பண்ணிட்டாங்கன்னா, அவன் எங்க போவான்?"

சிரிக்கவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். பதில் சொல்வதற்கு யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நடுத்தர வயது ஆண்கள் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்க நன்றாக இருந்திருக்காது.

குழந்தை வெளியே வந்தது. தலை முழுக்க வெள்ளைக்கட்டு, குட்டித் தலைப்பாகை போல. முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. நல்லபடியாக முடிந்தது, தொடர்ந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு நடை வந்துவிட்டது. முடி முளைத்து ஒரு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. சுவரோரம் போவதில்லை. பாய் நடுவில் மல்லாந்து, கையைக் காலை விரித்துத் தூங்குகிறாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவளையும் பார்ப்பார், அவள் விட்டுப்போன சுவரையும் பார்ப்பார் என்று மகள் சொன்னாள். அந்தச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கிறதாம். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதைமட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டாராம்.

பழையபடி ரயிலில் வருகிறார். கடையில் யாராவது தலையைக் கையால் தாங்கி உட்கார்ந்தால் கண்ணைச் சோதிக்கும் முன்பே "தலை வலிக்குதுங்களா? எவ்ளோ நாளா?" என்று கேட்கிறார் என்று கேள்வி. நியாண்டர்தாலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, உன் ஆளுங்க எல்லாம் செத்துட்டாங்களா?" என்று சீண்டினார். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

"யாருங்க செத்தாங்க?" என்றேன் நான். "இருட்டுல ஏன் நமக்கு முதுகு கூசுது சொல்லுங்க பார்ப்போம்?"

அன்றிலிருந்து அவர் கட்சிக்கு நான்தான் வக்கீல். ஒரு வரியையும் நம்பாமல் ஒரு கொள்கைக்காக வாதாடுவது எப்படி என்று எழுத்தாளனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம்பவில்லை என்று முன்பு போல அடித்துச் சொல்லவும் வரவில்லை.

சென்ற வாரம் மழை. பேரணி தாண்டியதும் பேச்சு ஓய்ந்தது. நான் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். கம்பி நனைந்து குளிர்ந்திருந்தது. தண்டவாளத்தின் சத்தம் கம்பி வழியாக மண்டைக்குள் இறங்கியது, தூரத்தில் நிறையப் பேர் ஒரே சமயத்தில் முணுமுணுப்பது போல. கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுங்களா சார்?"

"இல்லீங்க."

ஃபிரேம் தேர்வு செய்யும்போது பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப தலைய எடுக்காதீங்க" என்றார். "அப்படியே வெச்சிக்கினு இருங்க."

வைத்துக்கொண்டிருந்தேன்.